டாங்க் நிறைய டீசல்

டாங்க் நிறைய டீசல் இருக்கிறது. பில்டர் புதிது. பேட்டரியிலும் குறை இல்லை. அப்படியும் ஒரு டிராக்டர் ஏன் நடுச்சாலையில் நின்றுவிடுகிறது? நின்ற பிறகு ஏன் கிளம்ப மறுக்கிறது?

போன ஏப்ரலில் செகந்திராபாத் சைனிக்புரியில் எங்கள் காலனி முழுக்க இந்தக் கேள்வி சுற்றிவந்தது. என்னையும் ஒருநாள் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. பிறகு தெரிந்தபோது, இவ்வளவு சின்ன விஷயமா என்று இருந்தது. அந்தச் சின்ன விஷயத்தால் ஒருவருடைய வேலையும் வீடும் போகப் பார்த்தன. அவர் பெயர் நடேசன்.

நடேசனுக்கு ஐம்பத்திரண்டு வயது. போளூர் பக்கம் பிறந்தவர். பட்டாளத்தில் பதினேழு வருடம் லாரி ஓட்டிவிட்டு, கடைசியாக வேலை பார்த்த செகந்திராபாத்திலேயே தங்கிவிட்டார். பதினோரு வருடங்களாகக் காலனிச் சங்கத்தின் தண்ணீர் டிராக்டருக்கு அவர்தான் டிரைவர். காலனியில் அறுபத்திரண்டு வீடுகள். பிப்ரவரி பிறந்தால் குழாய்த் தண்ணீர் மெலிந்துவிடும். வீட்டு போர்வெல்களும் ஒவ்வொன்றாக வற்றும். அதன் பிறகு யாப்ரால் தாண்டி ஒரு தோட்டத்து போர்வெல்லிலிருந்து நடேசன் இழுத்துக்கொண்டு வருவதுதான் தண்ணீர். டிராக்டருக்குப் பின்னால் ஐயாயிரம் லிட்டர் டேங்கர். ஒரு நாளைக்கு ஐந்து நடை. வெயில் முற்றினால் ஆறு.

வேலையோடு சேர்ந்தது வீடு. தண்ணீர் கொட்டுகிற சம்புக்குப் பக்கத்தில், மோட்டார் அறையை ஒட்டி ஒரே ஓர் அறை. நடேசனின் மனைவி லலிதா அதில் ஒரு கிரைண்டரைப் போட்டு, பாதிக் காலனிக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறார். மகள் அஸ்வினி கல்லூரியில் இரண்டாம் வருடம். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண். கல்லூரிக்கு நடந்தே போய்விடுவாள். டிராக்டர் போனால் வேலை போகும். வேலை போனால் அறை போகும். அறையோடு மாவு வியாபாரமும் மகள் நடந்துபோகிற கல்லூரியும் போகும். இதையெல்லாம் நடேசன் தினமும் நினைத்துக்கொண்டிருந்தவர் இல்லை. வண்டி நிற்க ஆரம்பித்த பிறகுதான் நினைக்க ஆரம்பித்தார்.

முதல் தடவை நின்றது பிப்ரவரி கடைசியில். தண்ணீரோடு திரும்பிக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தம் திடீரென்று மெலிந்தது. இரண்டு தரம் இருமியது. அடங்கிவிட்டது. நடேசன் சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்துவிட்டுப் புகைக்குழாயைப் பார்த்தார். டீசல் எஞ்சின் கிளம்பாவிட்டாலும், செல்ஃப் அடிக்கும்போது வெள்ளையாகக் கொஞ்சம் புகையாவது தள்ள வேண்டும். புகையே வரவில்லை. டீசல் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். இது பட்டாளத்தில் கற்றது.

டாங்கில் டீசல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டாங்கின் அளவு காட்டும் மீட்டர் செத்து நாலு வருடமாகிறது. சங்கத்தில் சொல்லிச் சொல்லி அலுத்து, நடேசன் ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு போட்டு சீட்டுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். மூடியைத் திறந்தார், குச்சியை விட்டுப் பார்த்தார், காலையில் போட்ட டீசல் அப்படியே இருந்தது. குச்சியைத் துடைத்துச் சொருகினார். அப்படியென்றால் பில்டர்தான். கழற்றினால் உள்ளே கறுப்பாக அழுக்கு. கைவசம் இருந்த புதியதைப் போட்டு, பம்ப்பின் கை லீவரைப் பத்துத் தடவை அமுக்கி, செல்ஃப் அடித்தார். கிளம்பிவிட்டது.

"பில்டர்ல அழுக்கு" என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

மார்ச் நடுவில் மறுபடியும் நின்றது. மூடி, குச்சி, டீசல் இருக்கிறது. பில்டர் புதியது. ஆகவே காற்று புகுந்திருக்க வேண்டும். டீசல் போகிற வழியில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டாலும் போதும், எஞ்சின் குடிக்காது. பில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை லீவரை அமுக்கி, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை காத்திருந்து இறுக்கினார். கிளம்பிவிட்டது.

"ஏர் புடிச்சிருந்தது" என்று வீட்டில் சொன்னார்.

மார்ச் கடைசியில் மூன்றாவது தடவை. மூடி, குச்சி, டீசல் இருக்கிறது. குனிந்து பார்த்தபோது டாங்கிலிருந்து வரும் ரப்பர் டியூப் சப்பையாக ஒட்டிக்கிடந்தது. மட்டமான ரப்பர் என்று திட்டிக்கொண்டே புதிது வாங்கி மாட்டினார். கிளம்பிவிட்டது.

"டியூப்தான்" என்றார் வீட்டில். லலிதா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போன தபா ஏருன்னீங்க. அதுக்கு முந்தி பில்டருன்னீங்க. அடுத்த தபா இன்னாது?"

"அடுத்த தபான்னு நீயே வாய வைக்காத."

"நான் வாய வைக்கல. யாரோ கண்ணு வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழம பொட்டு ஒழுங்கா வைக்கிறீங்களா?"

வெள்ளிக்கிழமைதோறும் நடேசன் டிராக்டரைக் கழுவிப் பொட்டு வைப்பார். பட்டாளத்து லாரியிலிருந்து வந்த பழக்கம். லலிதா ஒரு சின்னக் கிண்ணியில் சந்தனத்தைக் குழைத்துத் தருவார்; கூடவே காகிதத்தில் குங்குமம். முன்பெல்லாம் பானெட்டின் முன்பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அங்கே சங்கத்தின் பெயர் எழுதியிருக்கிறது. எழுத்தின் மேல் மஞ்சள் கறை படிகிறது என்று சங்கத்தில் யாரோ சொன்னதால், முந்தின தீபாவளிக்குப் பிறகு இடத்தை மாற்றிக்கொண்டார். டீசல் டாங்கின் மூடி கண்ணுக்கு எதிரே வட்டமாக இருந்தது. அதன் நடுவில் பொட்டு வைக்கவே செய்த மாதிரி ஒரு சின்னக் குழி. வண்டி சாப்பிடுவதும் அந்த வழியாகத்தானே என்று அவருக்குத் திருப்தியாகவும் இருந்தது. பழைய பொட்டை அழிக்க மனம் வராது. அதன் மேலேயே புதியதை வைப்பார்.

அந்த வாரத்திலிருந்து லலிதா கிண்ணியை நிறைத்துக் கொடுத்தார். "பெருசா வைங்க. பாக்குறவங்க கண்ணு அங்க போவட்டும், வண்டி மேல போவக் கூடாது." நடேசன் கட்டைவிரலால் அழுத்தி, ரூபாய் நாணயம் அளவுக்கு வைத்தார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு தடவை நின்றது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது தெருவில் இரண்டு நாள் தண்ணீர் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை சங்கத் தலைவர் ராமசுவாமி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபடி நடேசனைக் கூப்பிட்டனுப்பினார். ராமசுவாமி மௌலா அலிப் பக்கம் ஒரு மத்திய அரசு ஆலையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்காரர். சொன்ன நேரம் என்றால் சொன்ன நேரம்.

"நடேசன், இது எத்தனாவது தடவை?"

"அஞ்சு, சார்."

"ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்றே. நான் நீ பொய் சொல்றேன்னு சொல்லலைப்பா. ஆனா காரணம் மாறிண்டே இருந்தா எதுவுமே காரணம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

 நடேசனுக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

"லாரி டேங்கர்காரன் வந்து பேசிட்டுப் போயிருக்கான். வண்டி அவனுது, டிரைவர் அவனுது, நமக்குத் தலைவலி இல்லை. டிராக்டரைக் கொடுத்துடலாம்னு பாதிப் பேர் சொல்றா. நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங். ஒண்ணு பண்ணு. அன்னிக்குப் பதினோரு மணிக்குள்ள மூணு நடை கொண்டுவந்து கொட்டு. கொட்டிட்டா நான் லாரிப் பேச்சையே எடுக்கலை."

"சரிங்க சார்."

"மூணு."

"மூணு சார்."

சனிக்கிழமை மத்தியானம் நடேசன் டேங்கரைக் கழற்றிவிட்டு, டிராக்டரை மட்டும் நேரேட்மெட்டில் இருக்கிற ஃபயாஸ் பாய் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஃபயாஸ் பாய் பேசுவது தக்கனி உருது. பட்டாளத்துத் தமிழர்களின் வண்டிகளில் கை வைத்தே பழகியதால், நடேசனிடம் பேசும்போது தமிழும் சரளமாக வரும்.

"க்யா நடேசன் பாய், என் மூஞ்சிய பார்க்காம தூக்கம் வரலையா?"

"உன் மூஞ்சிய எவன் பாப்பான் பாய். வண்டி இஸ்துகினு வருது."

ஃபயாஸ் பாய் வரிசையாகப் பார்த்தார். எஞ்சினை அணைக்கும் குமிழ் முழுதாக உள்ளே போகிறதா. டாங்குக்கு அடியில் உள்ள டேப் திறந்திருக்கிறதா. ஃபீட் பம்ப்பைக் கழற்றி உள்ளே வால்வைத் துடைத்தார். பில்டர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதிலும் குறை இல்லை. கடைசியாக நடேசனின் மூங்கில் குச்சி அவர் கண்ணில் பட்டது. கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

"இது கைக்கு? எதுக்கு, மாடு ஓட்டவா?"

"டீசல் பாக்க. மீட்டர் வேல செய்யல."

"என் கடை வண்டியில குச்சியா? நக்கோ, நக்கோ. மானம் போயிடும்."

உடைத்துப் போட்டிருந்த ஒரு பழைய டிராக்டரிலிருந்து மீட்டரைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். வேலை செய்தது. பிறகு மூடியைத் திறந்து வைத்தபடியே வண்டியை ஓடவிட்டார். அரை மணி நேரம் ஒரே சீராக ஓடியது. "ஜாவ் பாய். ஒண்ணும் இல்ல. இனிமே குச்சி வேணாம், முள்ளைப் பாரு" என்றார். குச்சியைத் தன் பெஞ்சுக்கு அடியில் போட்டுக்கொண்டார்.

நடேசன் பெட்ரோல் பங்கில் டாங்க் கழுத்துவரை டீசல் நிரப்பினார். ஞாயிற்றுக்கிழமை டீசலுக்காக ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது. முள் கடைசிக் கோட்டில் போய் நின்றது. நாலு வருடத்துக்குப் பிறகு அந்த முள் அசைவதைப் பார்த்தபோது, அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஆறே முக்காலுக்கு முதல் நடையைக் கொட்டினார். இரண்டாவது நடைக்குத் தோட்டத்தில் நிரப்பிக்கொண்டு திரும்பினார். எட்டேகாலுக்கு யாப்ரால் சாலையில் ஒரு மேடு. பாதி மேட்டில் எஞ்சின் சத்தம் மெலிந்தது.

நடேசனுக்கு முதுகில் தெரிந்துவிட்டது. வண்டி இருமுவதற்கு முன்பே பிரேக்கை மிதித்தார். ஐந்து டன் தண்ணீர் பின்னால் இழுக்கிறது. இறங்கி ஓடி, டேங்கர் சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஏறிச் செல்ஃப் அடித்தார். புகை இல்லை.

முள்ளைப் பார்த்தார். நிறைந்திருக்கிறது.

பில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். கை லீவரை அமுக்கினார். டீசலும் வரவில்லை, குமிழியும் வரவில்லை. ஐம்பது தடவை அமுக்கினார். கட்டைவிரல் மரத்துப்போயிற்று. செல்ஃப் அடித்தார். இந்தத் தடவை எஞ்சின் சுற்றுவதே மெதுவாக இருந்தது. பேட்டரி இறங்குகிறது. ஃபயாஸ் பாய்க்குப் போன் போட்டார். பாய் யாருடைய கல்யாணத்திலோ இருந்தார். பின்னால் பேண்டு சத்தம்.

"செல்ஃப் நக்கோ மாரோ, பாய். பேட்டரி போச்சுன்னா நீயும் போச்சு. டேப் கிட்ட டியூபைக் கழட்டு. டீசல் கொட்டுதா பாரு."

நடேசன் கழற்றினார். ஒரு கை அளவு கொட்டியது. நூலாயிற்று. சொட்டாயிற்று. நின்றுவிட்டது.

"நின்னுடுச்சு பாய்."

"டாங்க் நிறைய இருக்கா?"

"முள்ளு நிறைய காட்டுது."

"கச்சரா, குப்பை அடைச்சிருக்கும். டியூப் வழியா ஊது, மேல போகட்டும்."

டியூபின் ஒரு முனையை டேப்பில் மாட்டி, மறுமுனையை வாயில் வைத்து ஊதினார். டாங்குக்குள் களக் களக் என்று சத்தம் கேட்டது. வாயெல்லாம் டீசல். துப்பிவிட்டுப் பார்த்தால், ஒரு டம்ளர் அளவு கொட்டிவிட்டு மறுபடியும் நின்றது. மறுபடியும் ஊதினார், மறுபடியும் ஒரு டம்ளர். நாலைந்து தடவைக்குப் பிறகு தலை சுற்றியது. சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மணி ஒன்பதரை. மேட்டில் போகிற ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "அண்ணா, ட்ராக்டருக்கும் சண்டே லீவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நடேசனுக்குக் கோபம்கூட வரவில்லை.

தண்ணீர் வரவில்லையே என்று போன் போட்ட லலிதா, ஷேர் ஆட்டோ பிடித்து இட்லி டப்பாவோடு வந்து இறங்கினார். கணவரின் முகத்தைப் பார்த்தார். டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"வேணாம். வாயெல்லாம் டீசல்."

"தண்ணியாவது கொப்புளிங்க."

"டேங்கர் நிறைய தண்ணி, டாங்க் நிறைய டீசல்" என்றார் நடேசன். "எதுவும் எங்கயும் போவல. நானும் போவல."

லலிதா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நெசமா நிறைய இருக்குதா?"

"முள்ளு சொல்லுதே."

"அது பழைய வண்டி முள்ளுதானே. அது பொய் சொன்னா?"

நடேசன் அதை யோசிக்கவே இல்லை. நேற்று நிரப்பியது உண்மை. எங்காவது ஒழுகியிருந்தால்? இரவில் யாராவது இறக்கியிருந்தால்? எழுந்து சீட்டுக்குப் பின்னால் கையை விட்டார். குச்சி இல்லை, அது ஃபயாஸ் பாய் பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறது. சாலையோரம் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து மூடியைத் திருகினார். திரும்பவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். நீளமாக, மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி.

அதே நேரம் கீழேயிருந்து லலிதா, "ஏங்க, ஏங்க, கொட்டுது" என்று எழுந்தார். கழற்றிவிட்டிருந்த டியூபிலிருந்து டீசல் விரல் கனத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. நடேசன் குதித்து டேப்பை மூடினார். மூடிய பிறகும் கையை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தார்.

டாங்க் நிறைய டீசல். மூடி போட்டிருந்தால் வரவில்லை. மூடியைத் திறந்தால் வருகிறது.

"எண்ணெ டின்னு மாதிரி" என்றார் லலிதா.

"இன்னாது?"

"ஒரு ஓட்டை போட்டா எண்ணெ வராதுங்க. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடணும், காத்து போவ. இதுக்குக் காத்துப் போற ஓட்டை எங்க இருக்குது?"

நடேசன் கையிலிருந்த மூடியைத் திருப்பினார். உள்பக்கம் நடுவில் பென்சில் முனை அளவு ஒரு துளை. வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. மேல்பக்கம் திருப்பினார். ஆறு மாத வெள்ளிக்கிழமைகள் அங்கே இருந்தன. சந்தனத்தின் மேல் சந்தனம், குங்குமத்தின் மேல் குங்குமம். டீசல் பிசுக்கில் ஊறி, வெயிலில் காய்ந்து, சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. பொட்டு வைக்கவே செய்த மாதிரி என்று அவர் நினைத்த குழிதான் வண்டி மூச்சு விடும் வழி.

அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. டாங்க் நிறைய இருந்த நாட்களில்தான் வண்டி நின்றிருக்கிறது. உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, சீக்கிரம் இழுத்துப் பிடித்துவிடும். ரப்பர் டியூப் சப்பையானது அதனால்தான். நின்ற ஒவ்வொரு தடவையும் குச்சி விடுவதற்காக மூடியைத் திறந்திருக்கிறார். அப்போதும் மெலிதாக அந்தச் சத்தம் வந்திருக்கும், சாலைச் சத்தத்தில் காதில் விழவில்லை. திறந்த உடனே வியாதி தீர்ந்துவிட்டது. அது தெரியாமல் அதற்குப் பிறகு பில்டரை மாற்றினார், காற்றை எடுத்தார், டியூபை மாற்றினார். கடைசியாகச் செய்தது எதுவோ அதுதான் காரணம் என்று நம்பினார். நேற்றும் ஃபயாஸ் பாய் மூடியைத் திறந்துவைத்துத்தான் ஓடவிட்டார். இன்றைக்கு மீட்டர் இருந்ததால் மூடியைத் திறக்கவே இல்லை.

"நான்தான் பெருசா வைக்கச் சொன்னேன்" என்றார் லலிதா. குரல் மெதுவாக வந்தது.

"வச்சது என் விரலு."

லலிதா தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினார். நடேசன் மூடியை மடியில் வைத்துக் குத்த ஆரம்பித்தார். முதலில் பொடியாக உதிர்ந்தது. பிறகு கட்டியாகப் பெயர்ந்தது. ஊக்கு வளைந்தது, லலிதா இன்னொன்று கொடுத்தார். மூடியை வானத்தில் பிடித்தபோது நடுவில் ஊசிமுனை வெளிச்சம்.

டியூபை மாட்டி, டேப்பைத் திறந்து, கை லீவரை அமுக்கினார். பில்டர் ஸ்க்ரூவில் நுரை வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். இறுக்கினார். பேட்டரியில் ஒரு தடவைக்குத்தான் உயிர் இருக்கும் என்று தெரியும். லலிதா கண்ணை மூடிக்கொண்டார். செல்ஃப் முனகியது, இழுத்தது, வெள்ளைப் புகை ஒரு மூட்டை அளவுக்கு வந்தது. பிடித்துக்கொண்டது.

மணி பத்து பத்து.

இரண்டாவது நடையை சம்பில் கொட்டி முடித்தபோது பத்தே முக்கால். மூன்றாவதுக்கு நேரமில்லை. தோட்டத்துக்குப் போகவே அரை மணி ஆகும். நடேசன் எஞ்சினை அணைத்தார். கை கால் கழுவவில்லை. டீசல் மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூங்காவுக்கு நடந்தார்.

முப்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். ராமசுவாமி கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தனை?"

"ரெண்டு, சார்."

"இந்தத் தடவை என்ன காரணம்?"

பில்டர் என்று சொல்லியிருக்கலாம். யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. ஆனால் பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அவரிடம் மிச்சம் இல்லை. மூடியைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். துளையின் ஓரத்தில் இன்னும் மஞ்சளும் சிவப்பும் ஒட்டியிருந்தன. நடந்ததைச் சொன்னார். பொட்டு வைத்தது நான், ஐந்து தடவையும் கண்டுபிடிக்காமல் விட்டதும் நான் என்றார்.

முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் பலர். ஒருவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, பின்வரிசை முழுக்கச் சிரித்தது. செயலாளர் ப்ரியம்வதா மட்டும் சிரிக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை.

"ஒரு பொட்டுக்காக ரெண்டு மாசம் தண்ணி இல்லாம இருந்திருக்கோம்ங்கண்ணா" என்றார். "என் குழந்தைய ஆபீஸ் பாத்ரூம்ல குளிக்க வச்சேன்."

"ஆமாங்கம்மா" என்றார் நடேசன். 

ராமசுவாமி மூடியைக் கையில் எடுத்துத் துளை வழியாகப் பார்த்தார். கீழே வைத்தார். "மூணுன்னு சொன்னேன். ரெண்டுதான் வந்தது. ஓட்டுக்கு விட்டுத்தான் ஆகணும்" என்றார். கை தூக்கச் சொன்னார். மழை வந்ததும், ஜூன் கடைசியில் டிராக்டரை விற்றுவிட்டு லாரிக்கு மாறுவது என்று முடிவாயிற்று. இரண்டு கைகள்தான் வித்தியாசம். அதுவரை நடேசன் ஓட்டலாம்.

மீட்டிங் முடியும் முன்பே நடேசன் மூடியை எடுத்துக்கொண்டு மூன்றாவது நடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூன் முடியும்வரை அந்த டிராக்டர் ஒருநாள்கூட நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு நடை, சில நாள் ஏழு. அடுத்த வெள்ளிக்கிழமை லலிதா கிண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க வைக்கிறது?"

"ஓட்டை இல்லாத எடமா பாத்து வை."

ஸ்டீரிங்கின் நடுவில் வைத்தார்கள். சின்னதாக.

ஜூன் கடைசி வந்தது. லலிதா பாத்திரங்களில் பாதியை அட்டைப்பெட்டியில் கட்டிவைத்தார். மகள், கல்லூரிக்குப் பக்கத்தில் அறை தேடினாள், கிடைக்கவில்லை. ஒருநாள் மாலை ராமசுவாமி நடைப்பயிற்சிக்கு வந்தவர் சம்புக்குப் பக்கத்தில் நின்றார். டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்த நடேசன் துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"மூடியை வாரம் ஒரு தடவை குத்தறயா?"

"குத்துறேன் சார்."

"ம்" என்றுவிட்டு நடந்துபோய்விட்டார்.

ஜூலையும் போயிற்று. லாரியைப் பற்றி யாரும் பேசவில்லை. டிராக்டரைப் பார்க்க யாரும் வரவில்லை. முடிவு மாறிவிட்டதா, மறந்துவிட்டார்களா என்று நடேசனுக்குத் தெரியாது. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்று அவர் கேட்கவும் இல்லை. அட்டைப்பெட்டி கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. பாத்திரம் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக அவிழ்த்து எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு டிராக்டர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் டிராக்டரோ ஜெனரேட்டரோ தண்ணீர் எஞ்சினோ வைத்திருக்கிற ஒருவரையாவது தெரிந்திருக்கும். வண்டி நின்றால், எதையும் கழற்றுவதற்கு முன்னால் டீசல் மூடியைத் திறந்து, மூச்சு இழுக்கிற சத்தம் வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். சும்மா சொன்னால் மறந்துவிடுவார்கள். நடேசன் கதையோடு சேர்த்துச் சொல்லுங்கள்.